மூவாயிரம் இரவுகள் பாடியவர்

(ஃபாரினெல்லியின் வாழ்வும் இசை மருத்துவமும்)

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்

இசைக்கு இணங்காத உயிரில்லை என்பார்கள். மேடையேறிப் பேச வருபவனுக்கு இதைவிட எளிய தொடக்கம் வேறில்லை. முதலாண்டு படிக்கையில் நம் கல்லூரி முத்தமிழ் விழாப் பேச்சுப் போட்டியில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். இசையே மருந்து என்பது எனக்குச் சீட்டில் வந்த தலைப்பு. போரில் புண்பட்ட வீரனின் வீட்டில் இரவந் தழையும் வேப்பந் தழையும் செருகி, யாழொடு பல கருவிகள் முழங்கக் காஞ்சி பாடிய புறநானூற்றுக் காட்சியைச் சொன்னேன். அங்கிருந்து ஒரே தாவலில் ஸ்பெயின் நாட்டுக்குப் போனேன். மனநோயால் படுக்கையே கதியெனக் கிடந்த மன்னன் ஒருவனை ஃபாரினெல்லி என்ற இத்தாலியப் பாடகர் தம் குரலாலேயே எழுப்பி நடக்க வைத்தார் என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. முதற்பரிசும் கிடைத்தது.

பரிசாக வந்த எவர்சில்வர் தூக்கைக் கையில் பிடித்தபடி தாழ்வாரத்தில் நின்றவனை எங்கள் துறைப் பேராசிரியர் அழைத்தார். பேச்சு நன்றாக இருந்தது என்றார். அந்த அரசர் அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று கேட்டார். குணமாகிவிட்டார் ஐயா என்றேன். எந்த ஆண்டில் என்று கேட்டார். நான் விழித்தேன். வரலாறு படிக்கிறவன் கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி ஓராண்டுக் காலம் என்னுள் உறங்கிக் கிடந்தது. பிறகு என் வீட்டிலேயே அது விழித்துக்கொண்டது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் மேடையில் பாதியில் விட்ட கதையை முழுதாகச் சொல்லிக் கடன் தீர்க்கிறேன்.

பிறப்பும் இளமையும்

ஃபாரினெல்லி என்பது மேடைப் பெயர். பெற்றோர் இட்ட பெயர் கார்லோ புரோஸ்கி. இத்தாலியின் தென்பகுதியில், அன்றைய நேப்பிள்ஸ் அரசைச் சேர்ந்த அந்திரியா என்ற ஊரில் 1705ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் பிறந்தார். தந்தை சல்வத்தோரே இசையறிவு உடையவர். அண்ணன் ரிக்கார்தோ பிற்காலத்தில் இசையமைப்பாளர் ஆனவர். தந்தை 1717இல் இறந்தார். அப்போது கார்லோவுக்கு வயது பன்னிரண்டு.

அக்கால ஐரோப்பாவில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. இனிய குரலுடைய சிறுவர்களுக்குக் குரல் உடையும் முன்பே ஆண்மை நீக்கம் செய்துவிடுவார்கள். சிறுவனின் குரல், வளர்ந்த ஆடவனின் நெஞ்சுரம், நீண்ட காலப் பயிற்சி ஆகிய மூன்றும் ஒரே உடலில் கூடும். இவ்வாறு ஆக்கப்பட்டோரைக் காஸ்ட்ராட்டோ என்றழைத்தார்கள். திருச்சபைச் சட்டப்படி இது குற்றம். ஆயினும் குதிரையிலிருந்து விழுந்தான், நோய் வந்தது என்று காரணம் சொல்லிச் செய்துவந்தார்கள். திருச்சபை ஆண்ட பகுதிகளில் பெண்கள் மேடையேறத் தடை இருந்தது; ஆகவே இத்தகைய குரல்களுக்குத் தேவையும் இருந்தது. கார்லோவும் அக்கொடுமைக்கு ஆளான சிறுவர்களுள் ஒருவர். பிறரின் துயர் துடைக்கப் பிற்காலத்தில் அழைக்கப்பட்ட அக்குரல், ஒரு சிறுவனின் உடலைக் காயப்படுத்திப் பெறப்பட்டது என்பதை நான் மேடையில் சொல்லவில்லை. அன்று எனக்கே அது தெரியாது.

நேப்பிள்ஸ் நகரில் நிக்கோலா போர்ப்போரா என்ற பேராசானிடம் அவர் பயின்றார். 1720இல், பதினைந்தாம் வயதில், குருவின் இசைநாடகம் ஒன்றில் முதன்முதலாகப் பாடினார். அந்நாடகத்துக்குப் பாட்டெழுதியவர் மெட்டாஸ்டாசியோ என்ற இருபத்திரண்டு வயது இளைஞர். அவருக்கும் அதுவே மேடைக்கான முதல் முயற்சி. ஒரே நாளில் உலகுக்கு அறிமுகமான இருவரும் அன்றுமுதல் ஒருவரையொருவர் இரட்டைப் பிள்ளை என்றே அழைத்துக் கொண்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்த நட்பு அது.

புகழின் உச்சியில்

ரோம் நகரில் எக்காளம் ஊதுபவர் ஒருவரோடு இளம் ஃபாரினெல்லி போட்டியிட்ட கதையைச் சார்ல்ஸ் பர்னி என்ற ஆங்கில இசை வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். ஒரே சுரத்தை இருவரும் நீட்டி நிறுத்த, எக்காளக்காரர் மூச்சு முட்டி ஓய்ந்தார். ஃபாரினெல்லியோ சிரித்துக்கொண்டே அதே மூச்சில் சுரங்களை அடுக்கத் தொடங்கினாராம். வெனிஸ், மிலான், பொலோனியா, வியன்னா எனப் போன இடமெல்லாம் புகழ். வியன்னாவில் பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் அவருக்கு ஓர் அறிவுரை கூறினார் என்றும் பர்னி குறிக்கிறார். வியப்பூட்டும் வித்தைகள் போதும், இனி நெஞ்சைத் தொடும்படி எளிமையாகப் பாடுக என்பதே அதன் சாரம். கேட்டவரை மலைக்க வைத்த பாடகர் அன்றுமுதல் உருக வைக்கவும் கற்றார்.

1734இல் இலண்டன் சென்றார். அங்கே ஹாண்டலின் நாடகக் குழுவுக்கு எதிராகப் பிரபுக்கள் சேர்ந்து நடத்திய குழுவில் பாடினார். ஒரு நாடகத்தில் செனசினோ என்ற பெரும்பாடகர் கொடுங்கோலன் வேடம். ஃபாரினெல்லி விலங்கிடப்பட்ட கைதி. கைதி பாடிய முதற்பாட்டிலேயே கொடுங்கோலன் தன் வேடத்தை மறந்து, ஓடிவந்து அவரைத் தழுவிக் கொண்டார் என்று சொல்வார்கள். பரிசும் பணமும் மழையாய்ப் பொழிந்தன. ஆனால் ஒரே நகரத்தில் இரு குழுக்கள் பிழைக்க முடியவில்லை. மூன்று பருவங்களுக்குப் பின் 1737 கோடையில் அவர் இலண்டனை விட்டுப் புறப்பட்டார். பாரிஸ் வழியாக ஸ்பெயினுக்குச் சென்று, சில மாதங்களில் திரும்புவதாகத்தான் திட்டம். ஸ்பெயினில் தங்கியதோ இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேல்!

நோயுற்ற மன்னன்

ஸ்பெயினை ஆண்டவர் ஐந்தாம் பிலிப். பிரான்சின் பதினான்காம் லூயியின் பேரர். வெர்சாய் அரண்மனையில் 1683இல் பிறந்து, பதினேழாம் வயதில் அயல்நாட்டு அரியணையில் அமர்ந்தவர். நாளடைவில் கடுமையான மனச்சோர்வு அவரைப் பற்றிக்கொண்டது. 1724இல் முடியைத் துறந்து மகனிடம் கொடுத்தார். அம்மகன் அதே ஆண்டில் அம்மை கண்டு இறந்துவிட, விருப்பமின்றி மீண்டும் முடி சூடினார். அதன்பின் நோய் முற்றியது. முகம் மழிக்க மாட்டார். உடை மாற்ற மாட்டார். நகம் வெட்ட விடமாட்டார். பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பார். அமைச்சர்கள் நள்ளிரவுக்குப் பின் கோப்புகளோடு காத்துக் கிடப்பார்கள். தாம் ஒரு தவளை என்றும், தாம் இறந்துவிட்டதாகவும் அவர் எண்ணிய நாட்களும் உண்டு என்று குறிப்புகள் சொல்கின்றன.

அரசி எலிசபெத் ஃபார்னேசே இத்தாலியின் பார்மா நாட்டைச் சேர்ந்தவர். ஃபாரினெல்லியை வரவழைத்தவர் அவரே. 1737 ஆகஸ்டில் அரசரின் அறைக்கு அடுத்த அறையில் அவரைப் பாட வைத்தார். முதற்பாட்டில் அரசர் திகைத்தார். இரண்டாம் பாட்டு முடிந்ததும் பாடகரை அழைத்து வேண்டிய பரிசைக் கேள் என்றார். ஃபாரினெல்லி பொன்னும் கேட்கவில்லை, பொருளும் கேட்கவில்லை. அரசர் எழுந்து முகம் மழித்து, உடை உடுத்தி, அமைச்சரவைக்கு வரவேண்டும் என்று கேட்டார். அரசரும் அவ்வாறே செய்தார். பர்னி வழியாக உலகெங்கும் பரவிய கதை இது. நான் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கிய கதையும் இதுவே. கைதட்டல் விழுந்த இடத்திலேயே நான் நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்த முடியாத பாட்டு

பேராசிரியரின் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. ஃபாரினெல்லி அரச ஊழியராக அமர்த்தப்பட்டார். பெரும் ஊதியம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அரச குடும்பத்துக்கு மட்டுமே பாட வேண்டும், பொதுமேடை கூடாது. முப்பத்திரண்டு வயதில், ஐரோப்பாவின் முதற்பெரும் பாடகர் மேடையை விட்டு இறங்கினார். பின்னர் ஒருபோதும் ஏறவில்லை.

நாள்தோறும் இரவில் அரசர் முன் பாடினார். அதே நான்கு பாடல்களை ஒன்பது ஆண்டுகளும் பாடினார் என்பது வழிவழியாக வரும் கதை. அவரே 1738இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் இரவுக்கு எட்டு ஒன்பது பாடல்கள் பாட வேண்டியிருப்பதையும், ஓய்வே இல்லாததையும் தெரிவிக்கிறார். பாடல்கள் எத்தனையோ, இரவுகளை நாம் எண்ணிவிடலாம். 1737 ஆகஸ்டு முதல் அரசர் இறந்த 1746 ஜூலை 9 வரை மூவாயிரம் இரவுகளுக்கும் மேல் ஆகும்.

அரசர் குணமானாரா? சில நாள் எழுந்தார், அவைக்கு வந்தார், பிறகு மீண்டும் விழுந்தார். பிரித்தானியத் தூதர் பெஞ்சமின் கீன் 1738இல் தம் நாட்டுக்கு அனுப்பிய அறிக்கையில், ஃபாரினெல்லி பாடி முடித்த பாடல்களை அரசரும் தாமே பாடிப் பார்க்கிறார் என்றும், அது பெரும்பாலும் ஊளையிடுவதில்தான் முடிகிறது என்றும், வெளியார் காதில் அது விழாதபடி அரண்மனையார் அரும்பாடு படுகிறார்கள் என்றும் எழுதினார். சாகும்வரை அவர் நோயாளியாகவே இருந்தார்.

இதைப் படித்தபோது என் பரிசுத் தூக்கை எங்காவது ஒளித்து வைக்கலாமா என்று தோன்றியது. ஆனால் பலமுறை எண்ணிப் பார்த்தபின் வேறொன்றும் தோன்றியது. அந்தப் பாட்டு வீண் என்று எவரும் அப்போது நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அரசி மூவாயிரம் இரவுகள் அதைத் தொடர விட்டிருப்பாரா? பகல் இரவு என்ற ஒழுங்கே குலைந்துபோன ஒருவருக்கு, நாள்தோறும் தவறாமல் வரும் ஒரே முகமும் ஒரே குரலும் ஒரு பிடிகயிறாக இருந்திருக்கும். நோய் தீரவில்லை, நோயாளி தனியாக இல்லை. இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள் என்பதைப் பதினெட்டு வயதில் நான் அறியவில்லை.

இரண்டாம் அரசரும் முடிவும்

பிலிப்புக்குப் பின் அவர் மகன் ஆறாம் ஃபெர்டினாண்ட் அரசரானார். அவரும் மனச்சோர்வுடையவரே. அவர் மனைவி பார்பரா நல்ல இசையறிவு படைத்தவர். டொமினிக்கோ ஸ்கார்லாட்டியின் மாணவி. இவர்கள் காலத்தில் ஃபாரினெல்லி அரச நாடக அரங்குகளை இயக்கினார். இத்தாலியிலிருந்து பாடகர்களை வரவழைத்தார். அரன்ஹுவேசில் தேகஸ் ஆற்றின்மேல் அலங்காரப் படகுகளில் அரச குடும்பம் உலா வர, இசை விழாக்கள் நடத்தினார். 1750இல் கலத்ராவா வீரர் குழுவின் பட்டமும் பெற்றார். இத்தனை செல்வாக்கு இருந்தும் அதைத் தம் நலனுக்குப் பயன்படுத்தியவர் என்ற பழி அவர்மீது விழவில்லை. அரசவையில் அது அரிதினும் அரிது அன்றோ!

1758 ஆகஸ்டில் அரசி பார்பரா இறந்தார். தம் இசைச் சுவடிகளையும் சிறந்த இசைக்கருவிகளையும் ஃபாரினெல்லிக்கே எழுதி வைத்திருந்தார். அவற்றுள் இருந்த ஸ்கார்லாட்டியின் படைப்புகள் பதினைந்து தொகுதிகளாக இன்றும் வெனிஸ் நகர நூலகத்தில் உள்ளன. மனைவியை இழந்த ஃபெர்டினாண்ட், வில்லாவிசியோசா என்ற ஊர் மாளிகையில் அடைந்து கிடந்தார். உறங்கவில்லை, உண்ணவில்லை, குளிக்கவில்லை. எந்தப் பாட்டும் அவரை மீட்கவில்லை. ஓராண்டில், 1759 ஆகஸ்டு 10இல் இறந்தார்.

அடுத்து வந்த மூன்றாம் சார்ல்ஸ் ஃபாரினெல்லியின் ஓய்வூதியத்தைக் காத்துத் தந்து, நாட்டை விட்டுப் போகச் சொன்னார். அவர் பொலோனியா நகருக்கு வெளியே தாம் கட்டியிருந்த மாளிகையில் குடியேறினார். 1770இல் பர்னி அங்கே வந்து அவரைக் கண்டார். பதினான்கு வயது மோட்சார்ட்டும் தந்தையோடு அதே ஆண்டில் அங்கு வந்தார். இரட்டைப் பிள்ளையான மெட்டாஸ்டாசியோ 1782 ஏப்ரலில் வியன்னாவில் இறந்தார். ஐந்தே மாதங்களில், செப்டம்பர் 16இல், ஃபாரினெல்லியும் கண் மூடினார். வயது எழுபத்தேழு. பொலோனியாவின் செர்த்தோசா கல்லறையில் இருந்த அவருடைய எலும்புகளை 2006இல் அறிஞர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். எலும்புகள் கிடைத்தன, குரல் கிடைக்குமா?

தனி ஒருவரின் திறமை தொழிலான கதை

ஃபாரினெல்லியின் வாழ்வில் ஒரு குறை எனக்குப் படுகிறது. அது அவருடைய குறையன்று, அக்காலத்தின் குறை. அரசருக்கு எந்தப் பாட்டு உதவியது, எது உதவவில்லை என்று எவரும் குறித்து வைக்கவில்லை. எவ்வளவு நேரம் பாடலாம், எப்போது நிறுத்தலாம் என்று எவரும் சொல்லவில்லை. மருத்துவர் ஒருபுறம், பாடகர் ஒருபுறம் எனத் தனித்தனியே இருந்தார்கள். அவர் இறந்ததும் எல்லாம் அவரோடு போயிற்று. மருந்து இருந்தது, அளவு இல்லை. மருத்துவர் தகுதியில் ஒருவர் இருந்தார், மாணவர்கள் இல்லை.

அந்தக் குறை நீங்க இருநூறு ஆண்டுகள் பிடித்தன. ஃபாரினெல்லி மாட்ரிட்டில் இருந்தபோதே, 1749இல், ரிச்சர்ட் புரோக்கிள்ஸ்பி என்ற மருத்துவர் நோய் தீர்ப்பதில் இசையின் பயனைப் பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். 1804இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எட்வின் அட்லீ என்ற மாணவர் இதே பொருளில் மருத்துவ ஆய்வேடு எழுதினார். 1919இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பாடவகுப்பு ஒன்று நடந்தது. ஆயினும் இரண்டாம் உலகப்போரே பெரும் திருப்பம். காயம்பட்டும் மனம் உடைந்தும் திரும்பிய படைவீரர்களால் மருத்துவமனைகள் நிரம்பின. பாடகர்களும் கருவி இசைப்போரும் தாமாகவே வந்து பாடினார்கள். மாற்றங்களைக் கண்ட மருத்துவர்கள், நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று உணர்ந்தார்கள். 1944இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இசை மருத்துவப் படிப்பு தொடங்கியது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் தேயர் காஸ்டன் என்ற பேராசிரியர் இதற்கு உளவியல் அடித்தளமிட்டார். 1950இல் அமெரிக்காவில் தேசிய அளவில் இத்துறைக்கெனச் சங்கம் அமைந்தது.

இங்கிலாந்தில் இப்பணியைச் செய்தவர் ஜூலியட் ஆல்வின் அம்மையார். 1897இல் பிரான்சில் பிறந்தவர். செல்லோ வாசிப்பில் பாப்லோ கசால்சிடம் பயின்றவர். 1958இல் சங்கம் கண்டார். 1968இல் இலண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் பட்டயப் படிப்பைத் தொடங்கினார். நோயாளி கேட்பவராக மட்டும் இருந்தால் போதாது, தாமே ஒலி எழுப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. தட்டுங்கள், ஊதுங்கள், எது வருகிறதோ அதை இசையுங்கள் என்று விட்டுவிடுவார். பின்பு அந்த ஒலிக்குத் தம் செல்லோவால் மறுமொழி சொல்வார். இதைப் படித்ததும் எனக்குப் பிலிப் அரசரின் ஊளை நினைவுக்கு வந்தது. தூதர் அதைப் பைத்தியத்தின் உச்சம் என்று கொண்டார். ஆல்வின் அம்மையார் அந்த அறையில் இருந்திருந்தால், இப்போதுதான் மருத்துவம் தொடங்குகிறது என்று சொல்லியிருக்கவும் கூடும். இது வரலாறு அன்று, என் ஊகம்தான்.

டெட்ராயிட் நகர மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் 1940களில் வகுத்த விதி ஒன்றும் இங்கே சொல்லத் தக்கது. நோயாளியின் மனநிலை எதுவோ, அதற்கு ஒத்த இசையிலிருந்தே தொடங்க வேண்டும். அங்கிருந்து மெல்ல மெல்ல வேறிடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அழுகிறவனிடம் துள்ளல் பாட்டைக் கொண்டு போனால் அவன் இன்னும் தனியனாவான்.

1985இல் இத்துறைக்கு உலகக் கூட்டமைப்பு ஏற்பட்டது. 1997இல் பிரித்தானியாவில் இது அரசுப் பதிவு பெற்ற தொழிலாயிற்று. 2017இல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு, மனச்சோர்வு உள்ள 421 பேரிடம் நடந்த ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு இசை மருத்துவமும் சேரும்போது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெறுவதைவிடக் குறுகிய காலத்தில் நல்ல பலன் கிடைக்கிறது என்பது அதன் முடிவு. சேரும்போது என்ற சொல்லை நான் என் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ஏன் என்பதை இனிச் சொல்கிறேன்.

என் வீட்டுக் கதை

என் பெரியப்பா விசைத்தறி ஓட்டுபவர். சென்ற ஆண்டு தை மாதத்தில் பெரியம்மா இறந்து போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் அனைவரும் போனபின், பெரியப்பா கட்டிலில் படுத்தார். எழவில்லை. தாடி வளர்ந்தது. குளிக்கவில்லை. தறி நின்றது. இரவெல்லாம் விழித்திருந்து, விடியும்போது கண்ணை மூடுவார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார்.

பேச்சுப் போட்டியில் முதற்பரிசு வாங்கியவன் சும்மா இருப்பேனா? கல்லூரி இசைக்குழுவில் பாடுகிறவன் வேறு. மாலைதோறும் அவர் கட்டிலருகே அமர்ந்து பாடத் தொடங்கினேன். பெரியம்மா அடுப்படியில் முணுமுணுக்கும் பாட்டு ஒன்று உண்டு. அதைக் கேட்டால் மகிழ்வார் என்று எண்ணி, நாள் தவறாமல் அதையே பாடினேன். ஒரு வாரம் சென்றது. எட்டாம் நாள் மாலை, பாட்டுத் தொடங்கியதும் பெரியப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தோள் குலுங்கியது. நான் பாடிக்கொண்டே இருந்தேன். பாட்டு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா வந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். போனவளின் குரலைத் தினமும் கொண்டு வந்து அவர் காதில் போடுகிறாயே, உனக்கு இரக்கமே இல்லையா என்று கேட்டார். அன்றிரவு பெரியப்பா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் அம்மாவும் அப்பாவும் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். நானும் போனேன். மனநலப் பிரிவு மருத்துவர் பெரியப்பாவிடம் நெடுநேரம் பேசினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதைச் சோம்பல் என்றோ செய்வினை என்றோ எவரும் சொல்லக் கூடாது, இது நோய் என்றார். பிறகு எங்களிடம், வீட்டில் இவருடன் யார் இருப்பார்கள் என்று கேட்டார். நான் என்றேன். நான் பாடிய கதையையும் சொன்னேன். அவர் சினக்கவில்லை. இருங்கள், ஆனால் எதையும் திணிக்காதீர்கள் என்றார்.

அன்றுமுதல் நான் சும்மா இருந்தேன். மாலையில் அவர் அருகே அமர்ந்து பாடம் படிப்பேன். ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. உறக்கம் வந்தது. தாடி போயிற்று. ஒருநாள் மாலை, பெரியப்பா கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். தறி ஓடும் தாளம் அது. எங்கள் தெருவில் பிறந்த எவருக்கும் தெரியும். நான் புத்தகத்தை மூடாமலே அட்டையின்மேல் அதே தாளத்தைத் தட்டினேன். அவர் நிறுத்தினார், என்னைப் பார்த்தார், மீண்டும் தட்டினார். நானும் தட்டினேன். அரைமணி நேரம் இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் தட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் தறிக்கொட்டகையைத் திறந்தார். மாத்திரையை இன்றும் தவறாமல் உண்கிறார்.

அவரை எழுப்பியது அந்தத் தாளம் என்று நான் எழுதினால் மறுபடியும் பேச்சுப் போட்டிப் பொய்யாகிவிடும். மருந்து எழுப்பியது; மருத்துவர் எழுப்பினார்; சோறு ஆக்கிப் போட்ட அம்மா எழுப்பினார்; காலமும் எழுப்பியது. இவற்றோடு அந்தத் தாளமும் சேர்ந்தது. அவ்வளவுதான். அவ்வளவே எனக்குப் போதும்.

நண்பர்களே! இசை மருந்தா என்று இனி எவரேனும் என்னைக் கேட்டால், ஆம் என்றே சொல்வேன். ஆனால் எந்த மருந்தையும் அளந்து கொடுக்கக் கற்றவர் வேண்டும். தப்பான வேளையில் கொடுத்தால் அமுதும் நஞ்சாகும். நம்மிடம் பாடுவோர் பலர் இருக்கிறார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பாடவும், பார்த்து நிறுத்தவும் கற்றவர்கள் பெருக வேண்டும். நம் கல்லூரியில் இசை படிப்போரும் உளவியல் நூல்களைப் புரட்டுவோரும் ஒரே மேசையில் அமரும் நாள் வந்தால், அவர்களுள் ஒருவரேனும் இத்தொழிலை முறையாகக் கற்கப் புறப்படலாம்.

எங்கள் பேராசிரியர் இவ்வாண்டு ஓய்வு பெறுகிறார். அந்த அரசர் என்ன ஆனார் என்று அவர் தாழ்வாரத்தில் கேட்ட கேள்விக்கு, இரண்டு ஆண்டு தாழ்த்தி இம்மலரில் விடையளித்திருக்கிறேன். ஐயா, அரசர் குணமாகவில்லை. ஆனால் மூவாயிரம் இரவுகளிலும் அவருக்காக ஒருவர் வந்தார்.